விடியக் காலையில் எழும்ப மறுக்கிற கணினி: மதர்போர்ட் மாற்ற முதல்

திருகோணமலை திருக்கடலூரில் வீட்டில் வகுப்பு எடுக்கிற ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னட்ட இருக்கிறது கோர் ஐ5 நாலாம் தலைமுறை, பழசாக வாங்கினது. மாரி தொடங்கின நாளிலயிருந்து காலமை போட்டால் ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில ஒண்டும் வராது. அஞ்சாறு தரம் நிப்பாட்டிப் போட்டால் வரும். வந்தால் இரவு வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் திகதி மட்டும் 2013 ஜனவரி என்று காட்டுது. கடையில மதர்போர்ட் போயிட்டுது, மாத்த வேணும் எண்டு சொல்லினம். மாத்தட்டா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் தங்கச்சி. காலையில் எழும்பாமல் அடம்பிடித்து, ஒருமுறை எழும்பிய பிறகு இரவுவரை நிற்காமல் ஓடுகிற கணினியில், எல்லாச் சாமான்களையும் தாங்குகிற அந்தப் பெரிய பலகையை, மதர்போர்ட்டை, சந்தேகிப்பது கடைசி வேலை. நீங்கள் சொன்னதிலேயே மூன்று துப்பு இருக்கிறது: மாரியில் தொடங்கியது, காலையில் மட்டும் வருகிறது, திகதி பின்னுக்குப் போகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சின்னச் சாமான்களில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

அதற்கு முதல் ஒரு காரியம். அடுத்த முறை கணினி வந்தவுடன் வேறு எதையும் தொடாமல், உங்கள் வினாத்தாள்கள், பிள்ளைகளின் புள்ளிகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ வேறொரு ஹார்ட் டிஸ்கிலோ பிரதி எடுத்துவிடுங்கள். ஆறாவது தரத்தில் எழும்புகிற கணினி ஒரு நாள் ஏழாவது தரத்திலும் எழும்பாமல் போகலாம். ஹார்ட் டிஸ்கில் உள்ளது எங்கேயும் போகாது, கழற்றி எடுக்கலாம். ஆனாலும் திருத்துகிற அவசரத்தில் யாராவது விண்டோஸைப் புதிதாக ஏற்றி, இருந்ததை அழித்துவிட்ட கதை எனக்கு நிறையத் தெரியும்.

இனி திகதியைப் பார்ப்போம். மதர்போர்ட்டில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் ஒரு வெள்ளி நிற பற்றரி இருக்கும். அதன் முகத்தில் சிஆர் 2032 என்று எழுதியிருக்கும். 3 வோல்ட். கணினிக்குக் கரண்ட் இல்லாத நேரத்திலும் நேரத்தையும் பயோஸ் (கணினி எழும்பும்போது முதலில் ஓடுகிற சின்ன நிரல்) அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது அதுதான். அது வற்றிப் போனால், சுவர் சுவிட்சை நிறுத்திய அடுத்த கணமே போர்ட் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுநாள் போடும்போது தான் தொழிற்சாலையிலிருந்து வந்த நாள்போல, தன் பயோஸில் பதிந்திருக்கிற முதல் திகதியிலிருந்து எண்ணத் தொடங்கும். நாலாம் தலைமுறை ஐ5 சந்தைக்கு வந்தது 2013இல். உங்கள் திரை காட்டுகிற 2013 ஜனவரிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வந்தால் அதற்கும் இதே திகதிதான் காரணம். பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2013இல் நின்றுகொண்டு பார்த்தால் அவை இன்னும் பிறக்கவேயில்லை.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். இடி மின்னல் இல்லாத ஒரு நாளில், இரவு கணினியை வழமைபோல விண்டோஸ் வழியாக நிறுத்துங்கள், ஆனால் சுவர் சுவிட்சை நிறுத்தாமல் விடுங்கள். சுவரில் கரண்ட் இருக்கும்வரை பவர் சப்ளை, கணினி ஓடாத நேரத்திலும் போர்ட்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேயிருக்கும். அந்தத் தயவில் பற்றரி இல்லாமலே நேரம் ஓடும். காலையில் திகதி சரியாக இருந்தால் பற்றரி முடிந்துவிட்டது என்பது உறுதி. அதோடு கணினியும் முதல் தரத்திலேயே எழும்பினால், உங்கள் பிரச்சினை பற்றரியில், அல்லது குளிர்ந்து கிடந்து எழும்பத் தடுமாறுகிற பவர் சப்ளையில் இருக்கிறது. திகதி சரி, ஆனால் திரை இன்னும் கறுப்பு என்றால், பற்றரியோடு இன்னொரு பழுதும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகத் துண்டு.

பற்றரியை மாற்றுவது ஒரு சோற்றுப் பார்சலின் விலைகூட வராத வேலை. ஆனால் கழற்ற முதல் ஒரு படி இருக்கிறது. அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கணினி ஓடுகிற ஒரு நேரத்தில் பயோஸுக்குள் போய் (பெட்டியைப் பொறுத்து எஃப்2, எஃப்10 அல்லது டிலீட் விசை) ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். குறிப்பாக இரண்டு இடங்கள்: 'சாட்டா மோட்' (ஹார்ட் டிஸ்கோடு பேசுகிற முறை) என்ற இடத்தில் ஏஎச்சிஐ என்றிருக்கிறதா, ரெய்ட் என்றா, ஐடிஈ என்றா, 'பூட்' (விண்டோஸை எழுப்புகிற முறை) என்ற இடத்தில் யூஈஎஃப்ஐ என்றா, லெகசி என்றா. பற்றரி செத்தால் இவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் ஏஎச்சிஐயில் ஏற்றப்பட்டிருக்க, பயோஸ் ரெய்டுக்குத் திரும்பினால், ஹார்ட் டிஸ்க் நல்லபடி இருந்தும் நீலத் திரை வரும். யூஈஎஃப்ஐயில் ஏற்றப்பட்டிருக்க லெகசிக்குத் திரும்பினால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். இரண்டையும் பார்த்து ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து மாற்றினவர்களைக் கண்டிருக்கிறேன். பயோஸில் ஒரு சொல்லை மாற்றினாலே போதுமாயிருந்தது. உங்களுக்கும் ஒரு நாள் அப்படி வந்தால் இந்தப் படங்கள் கைகொடுக்கும்.

அடுத்தது ரேம். இங்கேதான் நம்முடைய ஊரைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

திருகோணமலைப் பட்டினம் ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் திறந்த கடலுமாக நடுவில் கிடக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வருவது சூடும் புழுதியும். வாடைக்காற்று தொடங்கினால் கடலிலிருந்து நேராக வீட்டுக்குள் ஈரம் வரும். திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஜன்னல் கம்பியைக் கையால் தடவி நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். அந்த உப்புத்தான் ஃபேன் இழுக்கிற காற்றோடு பெட்டிக்குள்ளும் போகிறது. மாரியில் குசினியில் உப்புப் போத்தல் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். கோடையில் ஒன்றும் செய்யாமல் கிடந்த வெள்ளைப் பொடி, மாரியில் மின்சாரம் ஓடக்கூடிய ஈரப் படலமாகிவிடும். இரவு முழுவதும் கணினி குளிர்ந்து கிடக்க, விடியும்போது ஈரம் உச்சத்தில் இருக்கும். நாலைந்து தரம் போட்டு நிறுத்தும்போது உள்ளே கொஞ்சம் சூடேறுகிறது, படலம் உலர்கிறது, கணினி வருகிறது. வந்தபின் தன்னுடைய சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது. உங்கள் கணினி இரவுவரை ஒழுங்காக ஓடுவதை இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

சென்ற மாரியில் உப்புவெளியில் ஒரு வீட்டில் இதேபோலொரு பெட்டியைத் திறந்தேன். ரேம் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, அடியிலுள்ள தங்கநிறப் பற்களில் நாலைந்து மட்டும் மங்கலாக, ஓரத்தில் பாசிபோல மெல்லிய பச்சை பூத்திருந்தது. நகத்தால் தொட்டால் பிசுபிசுத்தது. டிடிஆர்3 துண்டில் 240 பற்கள் இருக்கின்றன. அதில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் போர்ட் நினைவகத்தைக் காணவில்லை என்று நின்றுவிடலாம். அந்தப் பற்களை அழிறப்பரால் துடைத்து மறுபடி பூட்டியதும் முதல் தரத்திலேயே வந்தது. புது ரேம் வாங்கத் தேவைப்படவில்லை.

நீங்களே செய்யலாம். சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கிற கரண்ட் வடிந்துவிடும். பெட்டியின் பெயின்ட் படாத உலோகப் பகுதியை ஒரு தரம் தொட்டுவிட்டு, ரேமின் இரண்டு பக்கக் காதுகளையும் வெளியே தள்ளித் துண்டை எடுங்கள். பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால், பற்களின் நீளப் பக்கமாக, அழுத்தாமல் தேய்த்துத் துகளைத் தூரிகையால் தட்டுங்கள். போன் திருத்துகிற கடைகளில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் இருக்கும். கொஞ்சம் வாங்கிப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் மிச்ச அழுக்கும் ஈரமும் போய்விடும். ரேம் செருகுகிற குழியையும் அதே அல்கஹோல் தொட்ட மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரமும் உள்ளே போகும். பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே எதையும் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். திரும்பப் பூட்டும்போது இரண்டு காதும் 'டக்' என்று தாமாக மூடவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால் துண்டு சரிந்து நிற்கிறது.

இரண்டு துண்டு இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் பூட்டிப் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை மட்டும். எந்தத் துண்டு எந்தக் குழியில் வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனால் அரை மணித்தியாலத்தில் பழுது துண்டிலா குழியிலா என்பது தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகும் திரை கறுப்பாகவே இருந்தால், போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று அதனிடமே கேட்கலாம். ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கணினியைப் போடுங்கள். உள்ளே சின்ன ஸ்பீக்கர் இருக்கிற பெட்டியாயின் 'பீப், பீப்' என்று விட்டுவிட்டுக் கத்தும். சில பெட்டிகளில் பவர் பொத்தான் நிறம் மாறி மினுங்கும். ரேம் இல்லை என்று போர்ட் முறைப்பாடு சொல்கிறது. முறைப்பாடு சொல்ல வேண்டுமென்றால் புரொசசர் ஓட வேண்டும், பயோஸ் வாசிக்கப்பட வேண்டும், பவர் சப்ளை சரியான வோல்ட் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் மதர்போர்ட் போய்விட்டது என்று சொல்பவரிடம் அதையே போட்டுக் காட்டுங்கள். ஸ்பீக்கரே இல்லாத பெட்டியில் அமைதியை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. அப்போது ரேமைத் திரும்பப் பூட்டி, கணினி போட்டு ஒரு நிமிடம் கழித்துக் கீபோர்ட்டில் கேப்ஸ் லொக்கை அழுத்துங்கள். விசைக்கேற்ப விளக்கு எரிந்து அணைந்தால் கணினி எழும்பிவிட்டது, படம் மட்டும்தான் திரைக்கு வந்துசேரவில்லை. பெட்டியில் தனியாகக் கிராபிக் கார்ட் இருந்தால், மொனிட்டர் வயர் அதில் கொழுவியிருக்கிறதா, போர்ட்டில் கொழுவியிருக்கிறதா என்று பாருங்கள். கார்ட் இருக்கும்போது போர்ட்டில் கொழுவினால் பல பெட்டிகளில் படம் வராது.

பவர் சப்ளைக்கு வருவோம். சூடேறியபின் எழும்புவது பவர் சப்ளை கிழடானதற்கும் அடையாளம். அதற்குள்ளிருக்கிற கெபாசிட்டர்களின் (மின்னைச் சேமித்துக் கொடுக்கிற சின்ன உருளைகள்) திரவம் வருடங்கள் போகப் போக வற்றும். குளிரில் அவற்றின் தடை கூடி, தொடக்கத்தில் தேவைப்படுகிற கரண்டைக் கொடுக்க முடியாமல் திணறும், சூடேற இலகுவாகும். 2013ஐ ஒட்டிய பல போர்ட்டுகளில் திரவமில்லாத திண்மக் கெபாசிட்டர்களே அதிகம். எனவே பற்றரியும் ரேமும் சரியான பிறகும் உங்கள் கணினி திணறினால், நான் போர்ட்டை விட்டுப் பவர் சப்ளையையே பிடிப்பேன்.

அதைச் சோதிக்கச் சிறந்த வழி, அதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கிற யாரிடமாவது ஒரு நாளுக்குக் கடன் வாங்கிப் பூட்டிப் பார்ப்பது. அதே மாதிரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அலுவலகங்களில் பாவித்துக் கழித்து இங்கே வருகிற டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள் பலவற்றில் பவர் பிளக் கடையில் கிடைக்கிற 24 ஊசிப் பிளக் அல்ல, அவரவர் சொந்த வடிவம். பிளக் ஒத்துப்போகாததைப் பலவந்தமாகச் செருகக் கூடாது. மல்டிமீட்டர் இருந்தால், 24 ஊசிப் பெட்டியில் மஞ்சள் வயர் 11.4க்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையிலும், சிவப்பு 4.75க்கும் 5.25 வோல்ட்டுக்கும் இடையிலும் காட்ட வேண்டும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது. ஓடாமல் அளந்த எண்ணை நம்ப வேண்டாம். சுமை வந்ததும் விழுகிற பவர் சப்ளை, சுமையில்லாமல் அழகாக 12 காட்டும்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றியபின்னும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கலாம். நம் வீடுகளில் பல்லி உள்ளே போய்க் கருகிக் கிடப்பது வழமை. வெளியே கருகல் மணம் வந்தால் அதை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.

இன்னொன்று, பெட்டியைத் தொட்டால் விரலில் கூசுகிறதா? அப்படியென்றால் பிளக்கில் எர்த் இல்லை. எர்த் துவாரத்தில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஈரக்காலோடு பிள்ளைகள் வந்துபோகிற இடம். மாரியில் கணினியைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், மின்வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு வயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். யூபிஎஸ் பாவித்தால் அதைத் தாண்டி நேரே சுவரில் கொழுவியும் ஒரு தரம் பாருங்கள். உள்ளேயுள்ள 12 வோல்ட் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்து, கணினி எழும்புகிற கணத்தில் கைவிட்டுவிடும்.

மதர்போர்ட்டைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முதல் மூதூரில் ஒரு மீனவர் வீட்டுக் கணினிக்கு நான்தான் போர்ட் போய்விட்டது என்று சொன்னேன். மகளின் உயர்தரப் பரீட்சைக்கு வாங்கிய கணினி. அவர் கடன்பட்டுப் புதுப் போர்ட் வாங்கினார். பூட்டியபின்னும் எழும்பவில்லை. கடைசியில் பார்த்தால் புரொசசருக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற நாலு ஊசிப் பிளக், மேல்மூலையில் இருப்பது, உப்புப் பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் பழைய போர்ட்டே ஓடியது. அந்தக் காசு என்னால் போனது. அதற்குப் பிறகு அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் நான் யாருக்கும் போர்ட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. நீங்களும் பற்றரி மாற்றுகிற அன்றைக்கே அதைக் கழற்றிப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் பீப் இல்லை, விளக்கு மாறவில்லை, நல்ல பவர் சப்ளையோடும் எழும்பவில்லை, போர்ட்டில் கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறது அல்லது செம்புக் கோடுகளில் பச்சை ஏறியிருக்கிறது என்றால், கடைக்காரர் சொன்னது சரி. அப்போதும் பழைய போர்ட்டைத் தேடிக் காசு கொட்டுவதை விட, இன்னொரு பழைய பெட்டியை முழுதாக எடுத்து உங்கள் ஹார்ட் டிஸ்கை அதில் பூட்டுவது மலிவு. பெட்டி மாற்றுவதானால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 உங்கள் நாலாம் தலைமுறைக்கு முறையாகக் கிடைக்காது. எட்டாம் தலைமுறைப் பெட்டிகளில் ரேம் டிடிஆர்4 ஆக இருக்கும், உங்கள் துண்டு அதற்குப் பொருந்தாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் இது வேறு விடயம். காலையில் எழும்பாததற்கும் விண்டோஸ் பதிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உங்கள் கணினி விண்டோஸ் வருமுன்னரே நின்றுவிடுகிறது.

சரியானபின் வைக்கிற இடத்தை மாற்றுங்கள். கடற்பக்க ஜன்னலுக்கு நேரே, நிலத்தில் வைத்திருந்தால் உட்சுவர்ப் பக்கம், ஒரு அடியாவது உயரத்தில் வையுங்கள். மாரியில் வகுப்பு இல்லாத நாளிலும் அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள், உள்ளே உலர்ந்துகொள்ளும். நிறுத்தியவுடன் பொலித்தீனால் மூடினால் சூட்டோடு ஈரமும் உள்ளே அடைபடும். மூடத்தான் வேண்டுமென்றால் ஆறியபின் ஒரு பருத்தித் துணி போதும். புதுப் பற்றரி போட்ட திகதியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை திறக்கிறவர் நீங்களானாலும் வேறொருவரானாலும் முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும்.